இந்த ஆறு எண்களை நாங்கள் யாரிடம் சொல்வது? – கடலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னக் கணினி மையம் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கரண்ட் பில், ரயில் டிக்கெட், ஆதார் பிரிண்ட் என்று நாள் ஓடும். இரண்டு வயதில் போலியோ வந்ததில் இடது கால் சூம்பிவிட்டது. காலைத் தாங்கும் கம்பிச் சட்டமான காலிப்பர் போட்டு நடக்கிறேன். வீடு தென்பெண்ணைக் கரையோரம், நாணமேடு பக்கம். அங்கிருந்து பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தினமும் கடைக்கு வந்து போகிறேன்.

என் கடைக்குப் படி கிடையாது. தெருவும் கடைத் தரையும் ஒரே மட்டம். வாடகைக்கு இடம் தேடியபோது நான் பார்த்தது அது ஒன்றைத்தான். அதனாலேயோ, என் காலைப் பார்த்து ‘இவங்களுக்குப் புரியும்’ என்று நினைத்தோ, கடை திறந்த நாளிலிருந்து சுற்றுவட்டார மாற்றுத்திறனாளிகள் என்னிடம்தான் வருகிறார்கள். திருப்பாப்புலியூர், முதுநகர், தேவனாம்பட்டினம், நெல்லிக்குப்பம் என்று பல ஊர்க்காரர்கள். அவர்கள் சொன்னதும், நான் பார்த்ததும், என் வாழ்க்கையில் நடந்ததும் சேர்ந்ததுதான், போனிலும் வங்கியிலும் வெள்ளத்திலும் நாங்கள் படும் பாட்டைச் சொல்லும் இந்த மடல். உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், வங்கிகளைக் கூட்டிப் பேசும் மாவட்டக் குழுவுக்கும் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் நீங்கள்தான் தலைவர். காவல்துறை, உள்ளாட்சி, சமூக நலம் என எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க இந்த மாவட்டத்தில் உங்களால்தான் முடியும்.

முதலில் ஒரு அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பாசஞ்சர் ரயிலில் கடலை மிட்டாயும் சீப்பும் ஊக்கும் விற்கிறார். போன வருடம் ஒரு விண்ணப்பம் போட வந்தார். வந்ததும் தோள்பையைத் திறந்து ஆதார், வங்கிப் புத்தகம், ஏடிஎம் கார்டு, பட்டன் போன் நான்கையும் என் மேசையில் வரிசையாக வைத்தார். "தங்கச்சி, ஒரு நம்பர் வரும், பாத்துப் போட்டுடும்மா" என்றார். வந்தது. ஓடிபி, ஆறு எண்கள். கீழேயே ‘இதை யாரிடமும் பகிராதீர்கள்’ என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்தேன், தட்டினேன், வேலை முடிந்தது. ஏடிஎம் கார்டின் காகித உறையைத் திருப்பினேன். அதில் நீல மையில் பின் நம்பர். யாரோ உதவி செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

உறையைக் கிழித்துப் போட்டேன். ஆனால் அந்த நம்பர் இப்போது எனக்கும் தெரியும். எனக்கு முன்னால் இன்னும் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

இரண்டு வருடம் முன்னால் இதே அண்ணனின் கணக்கிலிருந்து 14,000 ரூபாய் போய்விட்டது. தங்கைக்குச் சீர் செய்யச் சேர்த்து வைத்த பணம். வேறொரு கடையில் ஏதோ படிவம் நிரப்பக் கொடுத்தபோது நடந்திருக்கிறது. வங்கிக்குப் போனார். "ஓடிபியை ஏன் சொன்னீங்க?" புகார் கொடுக்கப் போன இடத்திலும் அதே கேள்விதான். வீட்டுக்கு வந்தால் தங்கை வீட்டுக்காரரும் அதையே கேட்டார். அண்ணன் என்னிடம் கேட்டார், "சொல்லாம நான் எப்படிம்மா போடுறது?"

அவருக்கு நான் அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் மேல் தப்பில்லாமல் மூன்றாம் ஆள் யாரோ பணத்தை எடுத்துவிட்டால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் போதும், முழுப் பணமும் அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ரகசிய எண்ணை அவரே பகிர்ந்திருந்தால் அது அவருடைய அலட்சியம். வங்கியில் தெரிவிக்கும்வரை போன பணம் அவரோடு போனதுதான். கண் தெரிந்த ஒருவர் போனில் யாரோ கேட்டார்கள் என்று சொல்லிவிட்டால் அதை அலட்சியம் என்று சொல்லலாம். எழுத்தைப் பார்க்க முடியாதவர், வேறு வழி வைக்காத ஒரு படிவத்தின் முன்னால் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் போனை நீட்டுவது எப்படி அலட்சியமாகும்? அவருக்கென்று ஒரு வழியை நாம் வைத்திருந்து, அதை அவர் பயன்படுத்தாமல் விட்டிருந்தால் அப்படிப் பேசலாம்.

ஸ்மார்ட்போன் வாங்கிக்கொள்ளலாமே, அதுதான் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லுமே என்பார்கள். சொல்லும், உண்மைதான். என் கடைக்கு வரும் பார்வையில்லாத கல்லூரித் தம்பி ஒருவர், திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கை வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாகப் போனை இயக்குவார். ஒற்றைக் காதில் இயர்போன் மாட்டி, விரலால் தடவித் தடவி, ஓடிபியையும் தானே கேட்டுப் போட்டுவிடுவார். ஆனால் அவரும் இரண்டு இடத்தில் தடுக்கி நிற்கிறார். ஒன்று, படத்தில் கோணல் மாணலாக எழுத்து வருமே, அந்த கேப்ட்சா. ஒலியாகக் கேட்கும் வசதி பல பக்கங்களில் இல்லை. இருந்தாலும் இரைச்சலுக்கு நடுவே ஆங்கிலத்தில் எதையோ முனகுகிறது. இன்னொன்று, முகத்தைக் காட்டிக் கண்ணை மூடித் திற என்று கேட்கும் கேஒய்சி, அதாவது ஆள் யார் என்று வங்கி சரிபார்க்கும் முறை. அந்தத் தம்பிக்கு இமை சரியாக மூடாது. வட்டத்துக்குள் முகம் வந்ததா என்றும் அவருக்குத் தெரியாது. பதினெட்டு முறை செய்து பார்த்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். அவ்வளவு தேர்ந்த ஆளும் கடைசியில் போனை நீட்டத்தான் வேண்டியிருக்கிறது.

இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30ஆம் தேதி தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று சொல்லி, கேஒய்சி முறைகளை எல்லாரும் செய்யும்படி மாற்ற 20 உத்தரவுகளைப் போட்டது. தீர்ப்பு வந்த செய்தியை அந்தத் தம்பிதான் எனக்குப் படித்துக் காட்டினார். குரலில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் மாவட்டத்துக்குள் இருக்கும் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியுமா என்பதுதான் எங்கள் கவலை. 2017 நவம்பரிலேயே, 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பணம் எடுப்பது, கட்டுவது, கேஒய்சி தாள் வாங்குவது எல்லாவற்றையும் வீட்டுக்கே வந்து செய்து தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. என் கடைக்கு வருபவர்களில் இதைக் கேள்விப்பட்டிருந்தவர் ஒருவர்கூட இல்லை. நான் எனக்கே கேட்டுப் பார்த்தேன். ஒரு கிளையில், "அப்படி எதுவும் இல்லம்மா, படி ஏறி வந்துட்டீங்கல்ல, உக்காருங்க" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஆறு படி ஏறி வந்த எனக்கு அன்றைக்குக் காலிப்பர் பட்டை தொடையை அறுத்திருந்தது.

அடுத்த முறை வங்கிகளோடு நீங்கள் கூட்டம் போடும்போது இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா, ஐயா, யாராக இருந்தாலும். எந்தக் கிளை, எத்தனை மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்குப் போனது என்று ஒரு எண் கேளுங்கள். எண் கேட்டால்தான் வேலை நடக்கும். பேசும் ஏடிஎம் எத்தனை, அதில் இயர்போன் சொருகும் துளை வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள். 2014 ஜூலைக்குப் பிறகு வைக்கும் ஒவ்வொரு புது ஏடிஎம்மும் பேச வேண்டும், பிரெய்ல் விசைகளோடு இருக்க வேண்டும் என்பது விதி.

அப்புறம் அரசு அறிவிப்புகள். தாளில் அச்சடித்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, அந்தப் படத்தைத்தான் இணையத்தில் போடுகிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கண் தெரிந்தவர்களுக்கு அது கடிதம். திரை படிக்கும் மென்பொருளுக்கு அது வெறும் படம், ‘இமேஜ்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருந்தால் இன்னும் மோசம். சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளை வரிசையாக வாசிக்கும். தமிழ்நாடு அரசு 2010லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. அறிவிப்பை ஒருங்குறியில் அடித்து, எழுத்தாகவே அனுப்பினால் போதும். இதற்குக் காசு செலவில்லை. ஒரே ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்.

அடுத்து எழுதுவதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். அந்தப் பெண்ணிடமே கேட்டேன். எழுதச் சொன்னார். அவருடைய ஊரும் வயதும் சொல்லப் போவதில்லை.

காது கேளாத பெண் அவர். அவருக்கு வீடியோ கால்தான் உலகம். நாம் போனில் பேசிக்கொள்வதைப் போல அவர்கள் கையால் பேசிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப் வீடியோ வந்த பிறகுதான் வெளியூரில் இருக்கும் பள்ளித் தோழிகளோடு மறுபடியும் பேசவே முடிந்தது என்று சொல்லியிருக்கிறார். ஒருவன் பழக்கமானான். அவனும் சைகை மொழி தெரிந்தவன். அதனால்தான் நம்பினார். மாதக் கணக்கில் பேசினார்கள். அவன் எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறான். பிறகு பணம் கேட்டான். கொடுத்தார். மறுபடியும் கேட்டான்.

அவருடைய அம்மா அவரை அழைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். காவல் நிலையத்துக்குப் போகவில்லை. "ஏதோ போன்ல பிரச்சனைங்குறா, என்னன்னு பாரு பாப்பா" என்றார் அம்மா. நான் என் போனை எடுத்து நோட்ஸைத் திறந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவர் தட்டினார்: ‘அம்மா வெளியே போ சொல்லு’.

அம்மாவை டீ வாங்கிவர அனுப்பினேன். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் தட்டியதெல்லாம் துண்டு துண்டான தமிழ். சைகை மொழியின் இலக்கணம் வேறு. தமிழ் அவர்களுக்கு இரண்டாவது மொழி, நமக்கு ஆங்கிலம் மாதிரி. நான் புரிந்துகொண்டது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி அரைகுறையாகப் புரிந்துகொண்டு செய்யும் காரியமா இது?

இணைய மோசடியா, 1930க்கு உடனே போன் செய்யுங்கள் என்று எல்லா இடத்திலும் போஸ்டர் ஒட்டியிருக்கிறோம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் அதை வழியிலேயே நிறுத்தி வைக்க முடியும் என்பதற்காகத்தான் அந்த எண். அவர் எப்படிப் போன் செய்வார்? இணையத்தில் புகார் செய்யும் தளம் இருக்கிறது. அதில் நடந்ததை எழுத்தில் விளக்க வேண்டும். துண்டுத் தமிழ் எழுதுபவர் அதில் என்ன எழுதுவார்? யாரையாவது கூட வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். கூட இருப்பவர் அம்மாவாகவோ அண்ணனாகவோ இருந்தால், அவர் எதைச் சொல்ல வந்தாரோ அதைச் சொல்லவே மாட்டார்.

நம் மாவட்டத்தில் சைபர் கிரைமுக்கென்றே தனிக் காவல் நிலையம் இருக்கிறது. அங்கே சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தினமும் உட்கார வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வீடியோ காலில் அழைத்தால் வரக்கூடிய இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண், அவர்களுக்கு ஒழுங்கான கட்டணம். அது போதும். காது கேளாதவர்கள் வீடியோவில் சைகையாலேயே புகார் அனுப்ப ஒரு வாட்ஸ்அப் எண்ணும் வேண்டும். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால், அவர் வீட்டிலோ அவர் சொல்லும் இடத்திலோ, மொழிபெயர்ப்பாளரோ சிறப்பு ஆசிரியரோ முன்னிலையில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவே சொல்கிறது. பழைய சட்டத்திலும் இது இருந்தது. சட்டத்தில் இருக்கும் அந்த மொழிபெயர்ப்பாளரின் போன் நம்பர் ஸ்டேஷன் சுவரில் எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இனி என் சொந்தக் கதை. ஒருநாள் மதியம் போன் வந்தது. நல்ல மரியாதையான குரல். என் பெயர், அப்பா பெயர், கதவு எண் எல்லாம் சொல்லிவிட்டு, "மேடம், உங்களுக்கு 70 சதவீதம்தானே? புது ஸ்கூட்டர் அலாட் ஆகியிருக்கு, பதிவுக் கட்டணம் மட்டும் 2,350 ரூபாய் கட்டிடுங்க" என்றான். இந்த வேலையிலேயே இருக்கும் எனக்கே ஒரு கணம் மனசு துள்ளியது. என் ஸ்கூட்டர் பழசு, மழையில் நின்றுவிடும். அரசு கொடுக்கும் ஸ்கூட்டருக்குக் கட்டணம் எதுவும் கிடையாது என்பது நினைவுக்கு வந்த பிறகுதான் போனை வைத்தேன். வைத்த பிறகு கை நடுங்கியது. பணம் போகவில்லை. ஆனால் அந்த 70 அவனுக்கு எப்படித் தெரிந்தது?

அது என் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறைபாட்டின் அளவாக இருக்கும் எண். என் உடம்பைப் பற்றிய எண். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த வாரம் என் வாட்ஸ்அப் குழுக்களைத் துழாவினேன். ஏதோ ஒரு முகாமுக்கு வந்தவர்களின் பட்டியல், மூன்று பக்கம், போட்டோவாக எடுத்துப் போடப்பட்டிருந்தது. பெயர், முகவரி, போன் நம்பர், என்ன குறைபாடு, எத்தனை சதவீதம். ‘பெயர் விட்டுப் போயிருந்தால் தெரிவிக்கவும்’ என்ற குறிப்பும் இருந்தது. நல்ல எண்ணத்தில்தான் யாரோ போட்டிருக்கிறார்கள். ஆனால் அறிவுசார் குறைபாடுள்ள பெண் பிள்ளைகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், வீட்டு எண் என்ன என்பதையெல்லாம் அந்தத் தாள் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெண் பிள்ளையைப் பெற்ற யாருக்கும் வராது.

உதவி உபகரணம் கொடுக்கும்போது எடுக்கும் போட்டோவும் அப்படித்தான். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிப் பத்துப் பேர் நின்று, அந்தப் படம் முகநூலில் ஓடுகிறது. கீழே வரும் கருத்துகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். அப்படி ஒரு குழந்தையின் அம்மா படித்துவிட்டு என்னிடம் வந்து, இதை எடுக்க முடியுமா என்று கேட்டார். யாரோ போட்டதை நான் எப்படி எடுக்க முடியும்? பொது இடத்தில் மாற்றுத்திறனாளியைக் கேவலப்படுத்த வேண்டும் என்றே இழிவாகப் பேசினால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 92ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. நம் காவல் நிலையங்களில் இந்தப் பிரிவைத் தெரிந்துவைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலை வாட்ஸ்அப்பில் போடக் கூடாது, முகம் தெரியும் படத்தைப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று உங்கள் கையெழுத்தில் ஒரு உத்தரவு வந்தால், நல்லெண்ணத்தில் செய்பவர்கள் உடனே நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் அவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள்.

ஆனால் பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பட்டியல் கட்டாயம் வேண்டும். அதைத்தான் இந்த மடலில் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அந்த இரவு எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தானே புயலைப் பார்த்தவர்கள் நாங்கள். பயம் பிறகுதான் வந்தது. மேலே திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கம் கொட்டிய மழை சாத்தனூர் அணைக்கு வந்து, டிசம்பர் 2 விடியற்காலையில் ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. என் போனுக்கு எச்சரிக்கை வந்தது. தெருவில் ஒலிபெருக்கி வண்டியும் போனது. எல்லாரும் எழுந்து மூட்டை கட்டினோம்.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு தாத்தா தனியாக இருக்கிறார். சுத்தமாகக் காது கேட்காது. ஒலிபெருக்கி வண்டி அவர் வாசலிலேயே நின்று கத்திவிட்டுப் போயிருக்கிறது. உள்ளே அவர் தூங்கிக்கொண்டிருந்தார். என் தம்பி போய்க் கதவைத் தட்டினான். பிறகு இடித்தான். பிறகுதான் உறைத்தது, இடித்தாலும் அவருக்குக் கேட்காது. ஓடு நாலைப் பிரித்து உள்ளே டார்ச் அடித்தான். முகத்தில் வெளிச்சம் பட்டும் அவர் எழவில்லை. கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஓட்டை வழியாக மேலே ஊற்றினான். பதறி எழுந்தவர், ஓட்டில் ஓட்டை, மேலே ஒரு ஆள், கண்ணைக் கூசும் விளக்கு, இதையெல்லாம் பார்த்துத் திருடன் என்று நினைத்து அரிவாளைத் தேடியிருக்கிறார். அப்போது திண்ணைக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

என்னைத் தம்பி முதுகில் தூக்கிக்கொண்டு போனான். காலிப்பரைப் பரணில் வைத்தோம், ஆனால் பரணையும் தண்ணீர் தொட்டுவிட்டது. மூன்று நாள் கழித்து எடுத்தபோது ஷூவின் தோல் ஊறி வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று இருந்தது, கம்பியில் துரு. முகாமாக இருந்த பள்ளியில் அந்த மூன்று நாளும் நான் காலிப்பர் இல்லாமல் இருந்தேன். கழிவறைக்கு நான்கு படி. உள்ளே குத்தவைக்கும் பீங்கான், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, தரையெல்லாம் ஈரம். கையை ஊன்றித் தவழ்ந்துதான் போனேன். என்னால் எழுத முடிவது இவ்வளவுதான். இரண்டாம் நாளிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். சுற்றிலும் தண்ணீர். நான் தாகத்தோடு உட்கார்ந்திருந்தேன். என்னைப் போன்ற பெண்கள் எல்லாரையும் கேட்டுப் பாருங்கள், முகாமில் மட்டுமல்ல, பேருந்துப் பயணத்தில், வேலைக்குப் போகும் இடத்தில், திருமண வீட்டில், எல்லா இடத்திலும் தண்ணீரைக் குறைத்துத்தான் குடிக்கிறோம்.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த மாவட்ட மாற்றுத்திறனாளிகளின் விவரத்தைப் பதிவேடாக வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க ஏற்ற வழிகளைச் செய்ய வேண்டும் என்கிறது. சுனாமி, தானே, 2015 வெள்ளம், ஃபெஞ்சல் என்று வரிசையாகப் பார்த்த கடலூருக்கு இதைவிட அவசியமான பிரிவு வேறு எது? அந்தப் பதிவேட்டில் பெயரும் சதவீதமும் மட்டும் இருந்தால் தாத்தாவுக்கு அது உதவாது. ‘காது கேட்காது, தனியாக இருக்கிறார், பக்கத்து வீட்டில் மாற்றுச் சாவி’ என்று எழுதியிருக்க வேண்டும். எனக்கு, ‘நடக்க முடியாது, தூக்க ஆள் வேண்டும், காலிப்பரையும் கூடவே எடுக்க வேண்டும்’. பார்வையற்ற அண்ணனுக்கு, ‘எழுத்தில் மெசேஜ் பயனில்லை, குரலில் அழைக்கவும்’. தெருவுக்கு ஒரு பொறுப்பாளர், அவருக்கு ஒரு மாற்று ஆள், அவ்வளவுதான். ஐப்பசி பிறக்கும் முன்னால் ஒருமுறை வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்துவிடலாம்.

அந்தப் பதிவேடு எங்கள் தெருவில் யாருடைய கையில் இருக்க வேண்டுமோ அவர் கையில் மட்டும் இருக்கட்டும். யார் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கு இருக்கட்டும். ஒருபோதும் வாட்ஸ்அப்புக்குப் போகக் கூடாது. வெள்ளம் வரும் இரவில் எங்களைக் கண்டுபிடிக்க வேண்டியவர்களுக்கு எங்கள் முகவரி தெரிய வேண்டும், ஸ்கூட்டர் கொடுக்கிறேன் என்று அழைப்பவனுக்குத் தெரியக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன்.

எதுவுமே நடக்கவில்லை என்று நான் புலம்ப வரவில்லை. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தபோது, ரேஷன் பொருள் வீட்டு வாசலுக்கே வந்தது. முதல் மாதம் அரிசி மூட்டையைப் பார்த்து என் அம்மா அழுதுவிட்டார். ரேகை சரியாக விழவில்லை என்று இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டே இருந்த நாட்களெல்லாம் அவருக்கு நினைவு வந்திருக்கும். பேருந்தில் எங்களுக்கு டிக்கெட் இல்லை, நல்லதுதான். ஆனால் டவுன் பஸ்ஸின் முதல் படி என் முழங்காலுக்கும் மேலே இருக்கிறது. ஏற முடியாத பேருந்தில் டிக்கெட் வேண்டாம் என்பதை வைத்து என்ன செய்வது? தாழ்தளப் பேருந்து நம் ஊருக்கும் எப்போது வரும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அது எங்கள் ஆட்களுக்குக் கொடுத்த தைரியம் கொஞ்சமல்ல. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி உட்காரும் ஒருவர் காது கேளாதவராகவோ பார்வையற்றவராகவோ இருந்தால், மன்றக் கூட்டத்தின் பொருள் நிரல் அவருக்குப் புரியும் வடிவில் முன்கூட்டியே போக வேண்டும், கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு எங்கள் ஆட்கள் எழுந்து வரக் கூடாது.

இ-சேவை மையங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாய்தளம் வைக்கச் சொல்லுங்கள், மேசையைச் சக்கர நாற்காலி நுழையும் உயரத்தில் போடச் சொல்லுங்கள். அதோடு, உதவி கேட்டு வருபவருக்காக ஒரு தடுப்பு மறைவும் ஒரு விதியும் வேண்டும். அவருடைய போனை அவர் கையைவிட்டு வாங்கக் கூடாது. எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால், எதற்கு வந்த எண், எந்தத் தொகைக்கு என்று முதலில் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு, அவர் சரி என்ற பிறகே போட வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த வேலைக்கு, யார் உதவினார்கள் என்று ஒரு சீட்டு எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். என் கடையில் இதை நான் ஆறு மாதமாகச் செய்கிறேன். பாதி ஏ4 தாள், அவ்வளவுதான் செலவு. கடலை மிட்டாய் அண்ணன் அந்தச் சீட்டுகளை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுப் பையில் வைத்திருக்கிறார். நாளைக்கு யாராவது ‘ஓடிபியை ஏன் சொன்னீங்க’ என்று கேட்டால், எடுத்துக் காட்ட அவரிடம் ஒரு தாள் இருக்கிறது. அந்தச் சீட்டை மாவட்டம் முழுக்க ஒரு படிவமாக்கிக் கொடுங்கள். வங்கியும் காவல்துறையும் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள். மாதிரியை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு நாங்கள் ஐந்து பேர் வருகிறோம். நான், ரயிலில் வியாபாரம் செய்யும் அண்ணன், கல்லூரித் தம்பி, அந்தக் குழந்தையின் அம்மா, அப்புறம் காது கேளாத அந்தப் பெண். அவர் தன் அம்மாவை அழைத்து வர மாட்டார். தன் கையாலேயே உங்களிடம் பேச விரும்புகிறார். அன்றைக்குச் சைகை மொழி தெரிந்த ஒரு பெண்ணை மட்டும் ஏற்பாடு செய்து வையுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கணினி மையக்காரி